கலை மாநாட்டுக்குப் புதுச்சேரி வருகிறீர்களா? வழியில் இயற்கையைப் பார்த்து வரைய ஒரு வழிகாட்டி

புதுச்சேரியிலோ கடலூரிலோ நடக்கும் கலை மாநாட்டுக்கு முதல் தடவை வருகிறவர்கள் ஸ்கெட்ச் புத்தகத்தை மறக்காமல் எடுத்து வருகிறார்கள். ஊர் திரும்பும்போது அதில் இரண்டு பக்கம்கூட நிரம்பியிருப்பதில்லை. காலையில் பதிவு, அமர்வுகள், மதியச் சாப்பாட்டுக்கு வரிசை, மாலையில் கலை நிகழ்ச்சி என்று நாள் போய்விடும். வெயில் தாழ்ந்து வெளியே வரும்போது ஏரிக்கும் கழிமுகத்துக்கும் போக நேரம் இருக்காது.

ஆகவே இரண்டு முடிவுகளை வீட்டிலிருந்து கிளம்பும் முன்பே எடுத்துவிடுங்கள். மாநாட்டுக்கு முந்தைய நாளை முழுவதும் இயற்கைக்கு ஒதுக்குங்கள். மாநாட்டு நாட்களில் காலை ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆசைப்படாதீர்கள். இனி வருவதெல்லாம் இந்த இரண்டையும் நடத்திக்காட்டுவதற்கான ஏற்பாடுகள்.

1. மாநாடு எந்தப் பக்கம் நடக்கிறது என்று பாருங்கள்

அழைப்பிதழில் ‘புதுச்சேரி’ என்று மட்டும் இருந்தால் அதை நம்பி அறை எடுக்காதீர்கள். புதுவைப் பல்கலைக்கழகம் நகருக்கு வடக்கே, கிழக்குக் கடற்கரைச் சாலையில் காலாப்பட்டில் இருக்கிறது. நகரிலிருந்து பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர். ஆரோவில்லும் வடக்குப் பக்கம்தான். நுண்கலை கற்பிக்கும் பாரதியார் பல்கலைக்கூடமோ தெற்கே, கடலூர் சாலையில் அரியாங்குப்பத்தில். வடக்கே மாநாடு இருக்க, தெற்கே அறை எடுத்துவிட்டால் காலை வேளை முழுக்கப் பேருந்திலேயே கழியும்.

தெற்குப் பக்கம் மாநாடு என்றால் கடலூரில் தங்குவதும் நல்ல யோசனை. இரண்டு ஊருக்கும் இடையே சுமார் 22 கிலோமீட்டர். பேருந்து அடிக்கடி உண்டு. ஒரு மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள்.

2. வருகிற திசைக்கு ஏற்ப ஒரே ஒரு இடம்

முந்தைய நாளுக்கு மூன்று நான்கு இடங்களைத் திட்டமிட்டால் எதையும் உட்கார்ந்து வரைய முடியாது. எந்த ஊரிலிருந்து வருகிறீர்களோ அந்த வழியில் ஒன்றைத் தேர்ந்தெடுங்கள்.

திருச்சி, தஞ்சாவூர், மயிலாடுதுறைப் பக்கமிருந்து வருபவர்களுக்குப் பிச்சாவரம். சிதம்பரத்தில் இறங்கி, கிள்ளை வழியாக ஏறக்குறைய 15 கிலோமீட்டர். அலையாத்திக் காட்டை (மாங்குரோவ்) வரைந்துவிட்டு மாலையில் கடலூர் வந்து சேரலாம்.

சென்னையிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் வருபவர்களுக்கு மரக்காணம். சாலையோரமே உப்பளங்கள், பக்கத்தில் கழுவேலி. 2021இல் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்ட பெரிய சதுப்பு நிலம் இது. வடகிழக்குப் பருவமழைக்குப் பிறகு போனால் வலசை வாத்துகளும் உள்ளான்களும் கிடைக்கும். நிழல் குறைவு, கடை குறைவு. தண்ணீரும் சாப்பாடும் கையில் இருக்கட்டும்.

சேலம், பெங்களூருப் பக்கமிருந்து விழுப்புரம் வழியாக வருபவர்களுக்கு ஊசுடு ஏரி (விவரம் 8ஆம் பகுதியில்) அல்லது திருவக்கரை. திருவக்கரையில் இந்தியப் புவியியல் ஆய்வுத் துறை பாதுகாக்கும் கல்மரப் பூங்கா இருக்கிறது. சுமார் இரண்டு கோடி ஆண்டுப் பழமையான மரங்கள் கல்லாகிக் கிடக்கின்றன. பறவை பறந்துவிடுகிறதே என்று திணறுகிற புதியவர்களுக்கு இதைவிட நல்ல பயிற்சி இடம் இந்த வட்டாரத்தில் இல்லை. கணுவும் பட்டையும் வெடிப்பும் கல்லில் அப்படியே இருக்கும், நீங்கள் முடிக்கும்வரை அசையாது. ஒன்று மட்டும் கவனியுங்கள்: பௌர்ணமி அன்று போகாதீர்கள். வக்கரகாளியம்மன் கோயிலுக்கு அன்று பெருங்கூட்டம். பேருந்தில் நிற்கவும் இடம் இருக்காது.

3. டிக்கெட்டும் அறையும்

ரயில் முன்பதிவு பயண நாளுக்கு 60 நாள் முன்பு திறக்கிறது. மாநாட்டுத் தேதி வந்த அன்றே அந்த 60ஆம் நாளை நாட்காட்டியில் குறித்துவிடுங்கள். தட்கல் என்றால் முந்தைய நாள் காலை குளிர்சாதன வகுப்புக்கு 10 மணி, மற்ற வகுப்புகளுக்கு 11 மணி. இணையத்தில் தட்கல் எடுக்க, கணக்கு ஆதாருடன் சரிபார்க்கப்பட்டிருக்க வேண்டும். அதை அன்று காலை உட்கார்ந்து செய்ய முடியாது; ஒரு வாரம் முன்பே முடித்துவிடுங்கள்.

புதியவர்கள் அதிகம் ஏமாறும் இடம் ஒன்று உண்டு. கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நேர் ரயில் பாதை கிடையாது. புதுச்சேரிப் பாதை விழுப்புரத்தோடு மட்டுமே இணைகிறது. கடலூரில் இறங்கினால் பேருந்துதான். கடலூரிலும் இரண்டு நிலையங்கள்: திருப்பாதிரிப்புலியூர், கடலூர் துறைமுகம் சந்திப்பு. பேருந்து நிலையம் திருப்பாதிரிப்புலியூருக்குப் பக்கத்தில் இருக்கிறது. துறைமுகம் சந்திப்பு முதுநகரில். உங்கள் ரயில் எதில் நிற்கிறது என்று பார்த்துவிட்டுப் பதிவு செய்யுங்கள்.

புதுச்சேரியில் வெள்ளி மாலை முதல் ஞாயிறு வரை அறை வாடகை ஏறும். கிறிஸ்துமஸ் முதல் புத்தாண்டு வரையிலும் ஆகஸ்ட் 15ஐ ஒட்டியும் அறை கிடைப்பதே சிரமம். மாநாடு வார இறுதியில் என்றால் முந்தைய நாள் தங்கலைக் கடலூரிலோ சிதம்பரத்திலோ வைத்துக்கொண்டால் செலவு குறையும், அதிகாலையில் இடத்துக்கும் அருகில் இருப்பீர்கள்.

அக்டோபர் முதல் டிசம்பர் வரை வருபவர்கள் திரும்பும் டிக்கெட்டை மாநாடு முடிந்த அன்றைக்கே போடாமல் ஒரு நாள் தள்ளிப் போடுங்கள். 2011 டிசம்பர் 30இல் தானே புயலும் 2024 நவம்பர் 30இல் ஃபெஞ்சல் புயலும் இந்தக் கரையில்தான் கடந்தன. கடலூர், புதுச்சேரித் துறைமுகங்களில் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றியிருக்கிறார்கள் என்று செய்தி வந்தால் படகையும் ஏரிக்கரையையும் மறந்துவிடுங்கள்.

4. ஆவணங்கள்

ஒரு பிளாஸ்டிக் கோப்பில் இவை இருக்கட்டும்: அழைப்புக் கடிதம், பதிவுக் கட்டண ரசீது, ஆதார் அட்டை, மாணவரானால் கல்லூரி அடையாள அட்டை, ஆசிரியரானால் பணிநிமித்த விடுப்பு ஆணையின் நகல். அழைப்புக் கடிதத்தில் இரண்டு நகல் கூடுதலாக வையுங்கள். ஏரிக்கரையிலோ மீன்பிடித் துறைமுகத்திலோ ஒருவர் மணிக்கணக்கில் உட்கார்ந்து படம் வரைந்தால் காவலர் வந்து விசாரிப்பது இயல்பு. கடிதத்தையும் ஸ்கெட்ச் புத்தகத்தையும் காட்டினால் பேச்சு சுமுகமாக முடியும். துறைமுகக் கட்டடம், கடலோரக் காவல்படை வளாகம் ஆகியவற்றை வரையவே வேண்டாம்.

இலங்கை, மலேசியா, சிங்கப்பூரிலிருந்து வரும் வெளிநாட்டுக் குடிமக்களுக்கு மாநாட்டு விசா என்று தனி வகை இருக்கிறது. அதற்கு ஏற்பாட்டாளரின் அழைப்புக் கடிதம் கட்டாயம். கடிதம் வரத் தாமதமாவதுதான் வழக்கமான சிக்கல். பதிவுக் கட்டணம் கட்டிய அன்றே கேட்டு வாங்குங்கள். தங்கும் விடுதி உங்கள் வருகையைப் பதிவு செய்தாக வேண்டும் என்பதால், வெளிநாட்டினரை ஏற்கும் விடுதியா என்று முன்கூட்டியே கேளுங்கள்.

பயணப்படி கோருபவர்கள் பேருந்துச் சீட்டை வாங்கியவுடன் செல்போனில் படம் எடுங்கள். கருவியில் அச்சாகும் சீட்டு வெயிலிலும் வியர்வையிலும் சில வாரத்தில் வெளுத்துவிடும். அலுவலகம் கேட்கும்போது வெள்ளைத் தாள்தான் கையில் இருக்கும். விடுதி ரசீதில் ஜிஎஸ்டி எண்ணும் உங்கள் நிறுவனத்தின் பெயரும் இருக்கிறதா என்று அறையைக் காலி செய்யும் முன் பாருங்கள்.

5. பையில் என்ன வைப்பது

குறைவாக வையுங்கள். தோளில் ஒரே பை, கையில் ஒன்றுமில்லை என்பதுதான் கணக்கு. படகில் ஏறி இறங்கவும் வரப்பில் நடக்கவும் இரண்டு கையும் வேண்டும்.

தாள்: 300 ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டர் தாளின் எடை கிராமில்; எண் கூடக் கூடத் தாள் கனம்) நீர்வண்ணத் தாளில் செய்த ஏ5 அளவுப் புத்தகம். 140 ஜிஎஸ்எம் கார்ட்ரிட்ஜ் தாள் பென்சிலுக்குப் போதும். வண்ணம் பட்டதும் அலை அலையாக எழும்பி, அடுத்த பக்கமும் கெடும். புதுச்சேரியில் கைவினைத் தாள் அழகாகக் கிடைக்கிறது, வாங்குங்கள். ஆனால் வாங்கும்போதே ஓரத்தில் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டுப் பாருங்கள். சொட்டு முத்தாக நின்றால் நீர்வண்ணத்துக்கு ஆகும். உடனே உறிஞ்சிக் கறையாகப் பரவினால் அந்தத் தாளில் பசைக்காப்பு இல்லை என்று பொருள். கரிக்கோலுக்கும் பேஸ்டலுக்கும் வைத்துக்கொள்ளுங்கள்.

பேனா: சாதாரணப் பால்பாயிண்ட் பேனாவே போதும். அதன் மை எண்ணெய் சார்ந்தது. நீர்வண்ணம் பூசினால் கலையாது. ஜெல் பேனாவும் மைப்பேனாவும் பெரும்பாலும் கலைந்து ஓடும். எந்தப் பேனாவானாலும் ஒரு கோடு போட்டு ஐந்து நிமிடம் கழித்து ஈரத் தூரிகையால் தடவிப் பார்த்துவிட்டே பையில் போடுங்கள்.

பென்சில்: ஹெச்பி ஒன்று, 2பி ஒன்று. 6பி வேண்டாம். கடற்கரைப் புழுக்கத்தில் உள்ளங்கை வியர்வை பட்டுப் பக்கம் முழுக்க ஈயம் இழுபடும். கைக்கடியில் ஒரு துண்டுத் தாள் வைத்து வரைவதைப் பழக்கமாக்கிக்கொள்ளுங்கள்.

வண்ணம்: 12 கட்டிகள் கொண்ட மாணவர் பெட்டி தாராளம். தண்ணீர் நிரப்பும் தூரிகை இருந்தால் தனிக் கிண்ணம் வேண்டாம். இரவு அறைக்கு வந்ததும் பெட்டியைத் திறந்து மின்விசிறிக்குக் கீழே வையுங்கள். ஈரத்தோடு மூடிவைத்தால் இந்தக் கரையின் ஈரக்காற்றில் சில நாளிலேயே வண்ணக்கட்டியில் பூஞ்சை பிடிக்கும்.

கடல்நீரில் தூரிகையை நனைத்து வரைவது பார்க்க அழகாக இருக்கலாம், செய்யாதீர்கள். தண்ணீர் காய்ந்தாலும் உப்பு தாளிலேயே தங்கி, காற்றிலிருந்து ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும். பக்கம் பிசுபிசுக்கும், எதிர்ப்பக்கத்தோடு ஒட்டும். குடிதண்ணீரே ஒரு சிறு பாட்டில் தனியாக வையுங்கள்.

இன்னும் நான்கு கிளிப் (கடற்காற்றில் தாள் படபடக்காமல் இருக்க), பழைய பருத்தித் துணி, பத்து மடங்கு பெரிதாக்கும் கைலென்சு, பட்டர் பேப்பர், உட்கார மடிக்கும் பிளாஸ்டிக் விரிப்பு. பைனாகுலர் இருந்தால் 8×42 (எட்டு மடங்கு பெரிதாக்கும், முன்லென்சு 42 மி.மீ.). இல்லையென்றால் அதற்காகச் செலவழிக்க வேண்டாம். கரைக்கு அருகே வரும் பறவைகளே முதல் பயணத்துக்குப் போதும். பைனாகுலரை விட்டால் மொத்தமும் ஏறத்தாழ 1,000 முதல் 1,500 ரூபாய்க்குள் அடங்கும். அதில் பாதி தாளுக்குப் போகும், போகட்டும். வண்ணத்தில் மிச்சம் பிடியுங்கள், தாளில் பிடிக்காதீர்கள்.

டர்பன்டைன் (எண்ணெய் வண்ணத்தைக் கரைப்பது), ஸ்பிரே ஃபிக்சேட்டிவ் (கரிக்கோல் படம் கலையாமல் தெளிப்பது) ஆகிய இரண்டும் எளிதில் தீப்பற்றுபவை. ரயிலிலும் விமானத்திலும் கொண்டுவரக் கூடாது. விமானத்தில் வருபவர்கள் கட்டர் பிளேடைக் கைப்பையில் வைக்காதீர்கள், சோதனையில் எடுத்துவிடுவார்கள்.

6. ஒளி, நீர், பருவம்

சூரியன் ஜனவரியில் காலை ஆறரை வாக்கில் எழுகிறது, ஜூனில் ஐந்தே முக்காலுக்கே. எழுந்து ஒன்றரை மணி நேரம்வரை நிழல் நீளமாக விழும்; உருவங்களுக்குத் திரட்சி தெரியும். ஒன்பது மணிக்குப் பிறகு எல்லாம் தட்டையாகிவிடும்.

இது கிழக்குக் கடற்கரை. காலையில் கடலைப் பார்த்து உட்கார்ந்தால் ஒளி கண்ணுக்கு நேரே அடிக்கும். படகும் ஆளும் கருநிழலாகவே தெரிவார்கள். கருநிழல் வேண்டுமென்றால் அது நல்ல நேரம். நிறம் வேண்டுமென்றால் கடலுக்கு முதுகு காட்டி, கரையைப் பார்த்து உட்காருங்கள். ஏரியிலும் அப்படியே: காலையில் கிழக்குக் கரையில் நின்று மேற்கே பார்த்தால் வெளிச்சம் பறவைமேல் விழும்.

தாள்மேல் நேர்வெயில் படக் கூடாது. வெயிலில் தாள் கூசுவதால் வண்ணத்தை அளவுக்கு மீறி அடர்த்தியாகப் பூசிவிடுவீர்கள். அறைக்கு வந்து பார்த்தால் படம் இருண்டு கிடக்கும். உங்கள் நிழலே தாள்மேல் விழும்படி திரும்பி உட்காருங்கள்.

வலசைப் பறவைகளுக்கு நவம்பர் முதல் பிப்ரவரி. மே மாதக் கத்திரியில் மாநாடு என்றால் காலை ஆறு முதல் எட்டு மட்டுமே. அந்த வெயிலில் பூசிய வண்ணம் பரவும் முன்பே காய்ந்து திட்டுத் திட்டாக நிற்கும். மழைக்காலத்தில் நேர்மாறு, ஒரு பூச்சு காய அரை மணி ஆகும். அதற்குள் பக்கத்தைப் புரட்டாமல் கிளிப் போட்டு வைத்துவிட்டு, அடுத்த பக்கத்துக்குப் பதில் தனித்தாளில் பென்சில் வேலை செய்யுங்கள்.

7. பிச்சாவரத்தில் அரை நாள்

தமிழ்நாடு சுற்றுலா வளர்ச்சிக் கழகத்தின் படகுத்துறையில் சீட்டு வாங்க வேண்டும். துடுப்புப் படகு, மோட்டார் படகு என்று இரண்டு. வரைய வந்தவர்கள் துடுப்புப் படகையே எடுங்கள். மோட்டார் படகு அகலமான கால்வாய்களில்தான் ஓடும், அதிரும், பறவையைக் கலைக்கும். துடுப்புப் படகு மரங்கள் கூரைபோட்ட குறுகிய ஓடைகளுக்குள் நுழையும். கட்டணமும் நேரமும் பலகையில் எழுதியிருக்கும். படித்துவிட்டு, ரொக்கமாகக் கொஞ்சம் பணம் வைத்துக்கொண்டு நில்லுங்கள். நான்கு பேர் சேர்ந்தால் தலைக்குச் செலவு குறையும், ஆனால் மற்ற மூவரும் வரைபவர்களாக இருக்கட்டும். செல்ஃபி எடுக்க வந்தவர்களோடு ஏறினால் படகு ஓரிடத்தில் நிற்காது.

வார நாளில், காலை முதல் படகுக்கே போய்விடுங்கள். சிதம்பரத்திலிருந்து ஆட்டோ என்றால் போக, வர, காத்திருக்க எல்லாம் சேர்த்து ஏறும் முன்பே பேசி முடியுங்கள். படகுத்துறையிலிருந்து திரும்ப வண்டி தேடுவது சிரமம்.

நீர் வற்றியிருக்கும் வேளைதான் வேர்களை வரைய உகந்தது. இந்தக் கரையில் நாளுக்கு இரண்டு முறை நீர் ஏறி, இரண்டு முறை வற்றும். ஒவ்வொரு நாளும் சுமார் 50 நிமிடம் பின்தள்ளிப் போகும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் வித்தியாசம் அதிகம். உப்பங்கழிக்குள் அது கடலோரத்தைவிடச் சற்றுத் தாமதமாக நடக்கும் என்பதால் துடுப்புப் போடுகிறவரிடமே கேளுங்கள்: “அண்ணே, தண்ணி எப்ப வத்தும்? வேர் நல்லாத் தெரியுற எடத்துல பத்து நிமிசம் நிறுத்துவீங்களா?” ஏறும்போதே இதைச் சொல்லிவிட்டால் அவர் அதற்கேற்ப வழி மாற்றிக்கொள்வார். நேரம் நீண்டால் கூடுதலாக என்ன தர வேண்டும் என்பதையும் அப்போதே பேசுங்கள்.

மூன்று மரங்களைப் பிரித்தறிந்தால் முதல் பயணத்துக்குப் போதும்.

சுரபுன்னை: தண்டிலிருந்து வில்லாக வளைந்து சேற்றில் ஊன்றும் முட்டுவேர்கள். வரையும்போது வேர்களிலிருந்து தொடங்காதீர்கள், சிக்கிக்கொள்வீர்கள். முதலில் நீர்மட்டத்துக்கு ஒரு கிடைக்கோடு போடுங்கள். பிறகு வேர்களுக்கு இடையே தெரியும் வெற்றிடங்களின் வடிவை வரையுங்கள். அந்த இருண்ட சந்துகள் சரியாக வந்தால் வேர்கள் தாமாகவே வந்துவிடும். மரத்திலேயே முளைத்து முருங்கைக்காய்போல் நீளமாகத் தொங்கும் நாற்றுகளைத் தனியே ஒரு மூலையில் பெரிதாக வரையுங்கள்.

வெண்கண்டல்: சேற்றிலிருந்து நேர்மேலே எழும் மூச்சுவேர்கள் மரத்தைச் சுற்றிக் கூட்டமாக நிற்கும். இலையின் அடிப்பக்கம் சாம்பல் வெளுப்பு. கைலென்சில் பாருங்கள், இலைமேல் உப்புப் படிகங்கள் மினுங்கும். மரம் உறிஞ்சிய உப்பை இலை வழியே வெளியேற்றுகிறது. பச்சையோடு சற்றுச் சாம்பல் கலந்தால்தான் இந்த மரத்தின் நிறம் வரும். வெறும் பச்சை பூசினால் அது வேறு ஏதோ மரமாகிவிடும்.

தில்லை: இலை உதிரும் முன் ஆரஞ்சும் சிவப்புமாகப் பழுக்கும், தூரத்திலேயே தெரியும். இதன் கிளையை ஒடிக்கவோ இலையைக் கிள்ளவோ கூடாது. பால் தோலில் பட்டால் கொப்புளிக்கும்; கண்ணில் பட்டால் பார்வைக்கே கேடு. படகு கிளைக்கடியில் போகும்போது தலையைக் குனிந்துகொள்ளுங்கள். தவறிக் கண்ணில் பட்டால் கைவசமுள்ள குடிநீரால் விடாமல் கழுவிக்கொண்டே மருத்துவரிடம் போங்கள்.

படகில் வண்ணம் பூச வேண்டாம். கோடும் குறிப்பும் மட்டும் எடுங்கள். நிறத்தை எழுத்தால் குறித்துக்கொண்டு, கரைக்கு வந்த அரை மணிக்குள் பூசுங்கள். அதற்குமேல் தாமதித்தால் கண் மறந்துவிடும்.

8. மாநாட்டு நாட்களில் காலை ஒரு மணி நேரம்

பத்து மணி அமர்வென்றால் எட்டு மணிக்கு அறையில் இருக்க வேண்டும். ஆக ஆறு முதல் ஏழரை வரை உங்களுடையது. போக்குவரத்து போக ஒரு மணி நேரம் தேறும்.

நகருக்குள் தங்கியிருந்தால் நடந்தே போகக்கூடிய இடம் கடற்கரைச் சாலை. மாலை ஆறு மணி முதல் மறுநாள் காலை வரை அங்கே வண்டி ஓடாது என்பதால் நிம்மதியாக உட்காரலாம். கடலோரப் பாறைகளில் ஈரமாகக் கறுத்திருப்பவற்றில் கால் வைக்காதீர்கள், பாசி வழுக்கும். பழைய பேருந்து நிலையத்தின் அருகே 1826இல் தொடங்கப்பட்ட தாவரவியல் பூங்காவும் நல்ல இடம்தான். அது திறக்கும் நேரம் உங்கள் அமர்வுக்குப் பொருந்துகிறதா என்று முந்தைய நாளே வாசலில் பார்த்துவிடுங்கள்.

மேற்கே சுமார் 10 கிலோமீட்டரில் ஊசுடு ஏரி. புதுச்சேரிக்கும் தமிழ்நாட்டுக்கும் பொதுவான ஏரி, இரு பக்கமும் சரணாலயம். நாமக்கோழி, முக்குளிப்பான், நத்தைக்குத்தி நாரை, கூழைக்கடா, கழுத்தை மட்டும் நீருக்கு வெளியே நீட்டி நீந்தும் பாம்புத்தாரா எல்லாம் இங்கே பழக்கமான முகங்கள். கோடையில் நீர் சுருங்கிவிடும். சிவப்பு, வெள்ளை, மஞ்சள் உடை வேண்டாம். மங்கிய பச்சையோ காக்கியோ போடுங்கள். தனியாகப் போகாதீர்கள், இருட்டும் முன் கரையைவிட்டு வந்துவிடுங்கள்.

அலையாத்தி மரம் பார்க்கப் பிச்சாவரம் வரை போக முடியாதவர்களுக்கு நகரையொட்டியே தேங்காய்த்திட்டில் கொஞ்சம் இருக்கிறது.

கடலூரில் தங்கியவர்களுக்குத் தேவனாம்பட்டினம் வெள்ளிக் கடற்கரை. மணல்மேட்டில் அடும்புக்கொடியும் இராவணன் மீசைப் புல்லும் பாருங்கள். அடும்பின் இலை நுனியில் பிளந்திருக்கும். அந்தப் பிளவின் ஆழம் இலைக்கு இலை மாறும். ஒரே இலையை வரைந்து மற்றதை அதுபோல் நிரப்பாமல், ஐந்து இலைகளைத் தனித்தனியே வரையுங்கள். மீனவர் படகும் வலையும் வரைய ஆசையிருந்தால் முதலில் அங்கே வேலை செய்பவரிடம், “அண்ணே, இங்க ஓரமா உக்காந்து வரஞ்சிக்கட்டுமா?” என்று ஒரு வார்த்தை கேளுங்கள். காயப்போட்ட வலையை மிதிக்காதீர்கள், தாண்டிப் போகாமல் சுற்றிப் போங்கள்.

எங்கும் எதையும் பறிக்கவோ எடுத்துவரவோ வேண்டாம். சரணாலயத்துக்குள் அது குற்றம். கல்மரத் துண்டை எடுப்பதும் அப்படியே. கடற்கரையில் கிடக்கும் சங்கு சிப்பிகளிலும் சில வகைகள் 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் பட்டியலில் இருக்கின்றன. கிடந்த இடத்திலேயே வைத்து வரையுங்கள்.

9. ஒரு பக்கத்தை நிரப்புவது

வரையும் முன் எழுதுங்கள். இடது மேல்மூலையில் தேதி, நேரம், இடம், வானம், காற்று, நீர் ஏறுகிறதா வற்றுகிறதா. இவை இல்லாத படம் ஆறு மாதம் கழித்து உங்களுக்கே எதையும் சொல்லாது. புத்தகத்தின் அட்டை ஓரத்தில் மையால் சென்டிமீட்டர் கோடுகள் போட்டுவைத்தால் இலையையும் பூவையும் பறிக்காமலே அளக்கலாம்.

மடையான் கொக்கை வைத்துச் சொல்கிறோம். எந்த வாய்க்கால் கரையிலும் கிடைக்கும். கழுத்தை உள்ளிழுத்துக் குறுகி, அசையாமல் நிற்கும். முதல் இரண்டு நிமிடம் பென்சிலைத் தொடாமல் பாருங்கள். பிறகு முதுகின் சரிவுக்கு ஒரே கோடு. அது தரையோடு என்ன கோணத்தில் இருக்கிறது என்பதே பறவையின் மொத்த நிற்பையும் முடிவு செய்யும். அடுத்து அலகின் நீளத்தைத் தலையோடு ஒப்பிடுங்கள். புதியவர்கள் அலகைக் குட்டையாகவும் கண்ணைப் பெரிதாகவும் போடுவது வழக்கம். கண் அலகின் அடியையொட்டி இருக்கும், தலையின் நடுவில் இல்லை. கால் எங்கே உடம்பில் சேர்கிறது என்று பாருங்கள். முன்னுக்குத் தள்ளிப் போட்டால் பறவை பின்பக்கம் சாயும். பாதத்திலிருந்து மேலே ஒரு செங்குத்துக் கோடு இழுத்துச் சரிபார்க்கலாம். இப்போது நிறக்குறிப்பு: முதுகு மண்பழுப்பு, கழுத்தில் நெடுக்குக் கோடுகள், அலகு மஞ்சள், நுனி கறுப்பு. அது பறக்கும், பறக்கட்டும். அந்த நொடியில் சிறகுகள் தூய வெள்ளையாக விரியும். உட்கார்ந்திருந்தபோது மறைந்திருந்த அந்த வெள்ளையைப் பக்கத்திலேயே சிறு படமாகப் போட்டு, ‘பறக்கையில்’ என்று எழுதுங்கள். இனப்பெருக்கக் காலத்தில் முதுகு கருஞ்சிவப்பாக மாறும் என்பதால் தேதிக் குறிப்பு இங்கேதான் கைகொடுக்கும்.

பறவை பாதியில் போய்விட்டால் நினைவிலிருந்து முடிக்காதீர்கள். பாதியாகவே விட்டு, அடுத்த பறவையை அதன் அருகில் தொடங்குங்கள். ஒரே பக்கத்தில் ஆறு அரைகுறை நிற்புகள், செல்போன் படத்தைப் பார்த்து முடித்த ஒரு முழுப் பறவையைவிட அதிகம் கற்றுத்தரும். செல்போன் படம் எடுங்கள், ஆனால் பெயரைச் சரிபார்க்க மட்டும்.

10. மாநாட்டில் காட்டுவதும் ஊருக்குக் கொண்டுபோவதும்

பல மாநாடுகளில் பங்கேற்பாளர் படைப்புகளுக்கு ஒரு சுவர் ஒதுக்குவார்கள். தாள் அளவு, மவுன்ட் (படத்தை ஒட்டிவைக்கும் அட்டை) தேவையா, எந்த நேரத்துக்குள் தர வேண்டும் என்பதை அழைப்புக் கடிதம் வந்தவுடனே கேளுங்கள். புத்தகத்திலிருந்து பக்கத்தைக் கிழித்துத் தருவதாக இருந்தால் முதலில் நல்ல வெளிச்சத்தில் படமெடுத்துவிட்டு, பின்பக்கம் பெயரும் தேதியும் எழுதி, கொடுத்ததற்கு ரசீது வாங்குங்கள். கடைசி நாள் கூட்டத்தில் படங்கள் இடம் மாறுவது சாதாரணம்.

பக்கங்களுக்கு இடையே பட்டர் பேப்பர் வைத்தால் பென்சில் இழுபடாது. சற்றே அலைந்த தாளை, முழுதும் காய்ந்த பிறகு, இரவு மெத்தைக்கும் பலகைக்கும் நடுவில் வைத்தால் காலையில் படிந்திருக்கும். ஈரம் மிச்சமிருக்கும்போது அழுத்தினால் ஒட்டிக்கொள்ளும்.

பார்த்த பறவைகளின் பட்டியலை, பறவைக் கணக்கைத் திரட்டும் ஈபேர்ட் செயலியில் ரயிலிலேயே ஏற்றிவிடுங்கள். தொடங்கிய நேரம், எவ்வளவு நேரம் பார்த்தீர்கள் என்பது, நடந்த தூரம், எண்ணிக்கை நான்கும் வேண்டும். பக்கத்தின் மேல்மூலைக் குறிப்பில் இவற்றையும் சேர்த்தே எழுதியிருந்தால் ஏற்றப் பத்து நிமிடம்கூட ஆகாது. பெயர் உறுதியாகத் தெரியாத பறவையை ஊகித்துப் போடாமல், உள்ளான் வகை, வாத்து வகை என்ற அளவோடு நிறுத்துங்கள்.